சளிப்பூஞ்சையின் மறுபாதிக் கதை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் "ஒற்றுமையே பலம்" என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் சொல்லும் எறும்பு, தேனீ, காக்கை உதாரணங்களை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் சொல்வோமே என்று, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றிப் பேசினேன். ஆங்கிலத்தில் ஸ்லைம் மோல்டு என்பார்கள். தமிழில் சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அது அமீபா வகையைச் சேர்ந்தது. பேச்சு முடிந்ததும் நல்ல கைதட்டல் கிடைத்தது.

மறுவாரம் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கும் என் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தாள். பேச்சின் குறிப்புகளைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "பெரியப்பா, நீங்க பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கீங்க. மறுபாதியைச் சொல்லியிருந்தா யாரும் கை தட்டியிருக்க மாட்டாங்க" என்றாள். சில கட்டுரைகளையும் என்னிடம் கொடுத்தாள். நான் டிப்ளமா படித்த ரயில்வே பொறியாளன். உயிரியல் என் துறையல்ல. அவற்றை அகராதியோடும், அவளிடம் கேட்ட நூறு கேள்விகளோடும் படித்து முடிக்க நான்கு மாதங்கள் பிடித்தன. பணியில் இருந்த காலத்தில், ஒரு பழுதைப் பாதியாகப் பதிவேட்டில் எழுதினால் அது எழுதாததைவிட மோசம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே மறுபாதியை இங்கே எழுதுகிறேன்.

மேடையில் சொன்ன பாதி

விழாவுக்கு வராதவர்களுக்காக முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த உயிரின் முழுப் பெயர் டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம். வாயில் நுழையாத பெயர் என்பதால் "டிக்டி" என்றே அழைப்போம். 1933இல் கென்னத் ரேப்பர் என்ற அமெரிக்கர், வட கரோலினா மாநில மலைக்காட்டில் மக்கிய இலைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். டிக்டி ஒரே ஒரு செல்தான். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு அளவு இருக்கும். மண்ணில் ஊர்ந்து பாக்டீரியாக்களைத் தின்று, இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். உணவு இருக்கும் வரை ஒவ்வொன்றும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும்.

உணவு தீர்ந்தால் நிலைமை மாறுகிறது. பட்டினி கிடக்கும் செல்களில் சில, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற இரசாயனத்தை ஏறக்குறைய ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்புத் துடிப்பாக வெளியிடும். பக்கத்துச் செல் அதை உணர்ந்து, அது வந்த திசையில் நகரும். தானும் அதே இரசாயனத்தை வெளியிடும். ஒரு கேபினிலிருந்து அடுத்த கேபினுக்கு மணி அடித்துச் செய்தி போவது போலத்தான். இப்படி ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள் கூடி, சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு புழுவைப் போலாகி, வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து செல்லும். பின்னர் நிமிர்ந்து நின்று, தண்டும் தலையுமாக ஒரு நுண்ணிய செடிபோல் ஆகும். தண்டாக மாறும் செல்கள், சுமார் ஐந்தில் ஒரு பங்கு, செத்துப்போகும். மீதி நான்கு பங்கு உச்சியில் வித்துகளாகிக் காற்றிலோ பூச்சியின் காலிலோ ஒட்டிக்கொண்டு புதிய இடம் போகும். எல்லாம் 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். "ஐவரில் ஒருவர் தம்மைத் தந்து நால்வரை உயர்த்துகிறார்" என்று நான் மேடையில் சொன்னபோதுதான் அந்தக் கைதட்டல்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் நடக்கும் கதை. இருட்டில் நடப்பது வேறு.

இருட்டும் ஈரமும்

மண் நீரில் ஊறி, வெளிச்சமும் இல்லாதபோது டிக்டி இன்னொரு பாதையில் போகக்கூடும். என் பொறியாளர் மூளைக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. தண்ணீருக்குள் தண்டை நிமிர்த்தி என்ன பயன்? வித்து பறக்கக் காற்று வேண்டுமே. அங்கே தேவைப்படுவது கோபுரம் அல்ல, கெட்டியான பெட்டகம்.

அந்தப் பெட்டகத்துக்கு மேக்ரோசிஸ்ட் என்று பெயர். நாம் பெருங்கூடு எனலாம். பிளாஸ்கோவிக்ஸ் என்பவரும் ரேப்பரும் 1957இல் இதைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார்கள். ஆனால் அது எதற்காக என்பது அப்போது விளங்கவில்லை. 1973இல்தான் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே விடையைக் கண்டன. சில வகை டிக்டிகளை எத்தனை நாள் இருட்டில் வைத்தாலும் பெருங்கூடு உண்டாகவில்லை. ஒரு வகையோடு வேறொரு வகையைக் கலந்தால் உடனே உண்டாயிற்று. அதாவது, இது டிக்டியின் திருமணம்.

எந்தப் பாதையில் போவது என்று செல்லுக்குச் சொல்வது எது? டிக்டியின் நெருங்கிய உறவான மியூகராய்ட்ஸ் என்ற இனத்தில், எத்திலீன் வாயு பெருங்கூட்டைத் தூண்டுகிறது என்று ஜப்பானில் அமகாய் என்ற பெண் விஞ்ஞானி 1984இல் காட்டினார். வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான்! பழக்கடைக்காரர் மூட்டம் போடுவதும், மண்ணுக்குள் அமீபா மணம் முடிப்பதும் ஒரே வாயுவால் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

யாரை மணப்பது?

நமக்குத் தெரிந்த உயிர்களில் ஆண், பெண் என்று இரண்டு. டிக்டியில் மூன்று. அவற்றுக்கு ஆண், பெண் என்ற பெயர் பொருந்தாது. மூன்றின் செல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்றே குறிப்பிடுகிறார்கள். விதி எளியது: தன் வகையோடு சேரக் கூடாது, மற்ற இரண்டில் எதனோடும் சேரலாம். ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக் கூடாது என்பார்களே, அது போல.

இந்த மூன்று வகைகளை எது தீர்மானிக்கிறது என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த கரெத் புளூம்ஃபீல்டும் அவருடைய சகாக்களும், ஜப்பானியர்களுடன் சேர்ந்து 2010இல் கண்டுபிடித்தார்கள். டிக்டிக்கு ஆறு குரோமோசோம்கள், ஏறத்தாழ 12,500 ஜீன்கள். அவற்றுள் ஒரே ஒரு இடத்தில்தான் வகை எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றாம் வகையில் அந்த இடத்தில் இருக்கும் எழுத்துக்கும் மூன்றாம் வகையில் இருக்கும் எழுத்துக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. இரண்டாம் வகையில் இரண்டும் கலந்து இருக்கின்றன. ஒன்றாம் வகையாக இருக்க ஒரு ஜீன் போதும். மூன்றாம் வகையாக இருக்க இன்னொரு ஜீன் போதும். இரண்டாம் வகையாக இருக்க அந்த இரண்டின் சாயலும் வேண்டும்.

ஆனால் ஜீன் செல்லுக்குள் இருக்கிறது. எதிரே வரும் செல்லுக்கு அது தெரியாது. அடையாளம் செல்லின் மேல்தோலில் இருக்க வேண்டும். இதை விளக்க எனக்குப் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளப் பாதையில், ஒரு செக்‌ஷனுக்குள் இரண்டு வண்டிகள் எதிரெதிரே நுழையாமல் இருக்க நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. ஓட்டுநரிடம் ஓர் எஃகுப் பந்தைக் கொடுப்பார்கள். பந்து கையில் இருந்தால்தான் வண்டி அந்தச் செக்‌ஷனில் நுழையலாம். அடுத்தடுத்த செக்‌ஷன்களின் பந்துகள் வடிவத்தில் வேறுபடும். மாற்றிப் போட்டால் கருவிக்குள் இறங்காது. எந்தச் செக்‌ஷனுக்கு எந்தப் பந்து என்று தீர்மானிப்பது மேலிடம். நிலையத்தில் வேலை செய்வது பந்தும் அதன் வடிவமும்தான். டிக்டியிலும் அப்படியே. 2010இல் கண்ட ஜீன்கள் மேலிடம். செல்லின் தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் டோக்கன் பந்துகள்.

இந்தப் பந்துகளைத் தேடியவர்கள் பெரும்பாலும் ஜப்பானின் த்சுகுபா பல்கலைக்கழகத்தார். சர்க்கரை ஒட்டிய இரண்டு புரதங்களை அவர்கள் அடையாளம் கண்டார்கள். அவற்றின் எடையை வைத்து ஜி.பி.70, ஜி.பி.138 என்று பெயர். அவற்றின் மேல் ஒட்டும் எதிர்ப்பொருளை ஊற்றினால் செல்கள் இணைய மறுத்தன. பந்தின் மேல் களிமண்ணை அப்பிவிட்டால் கருவிக்குள் இறங்காது அல்லவா? நீரில் கால்சியம் இல்லாவிட்டாலும் இணைவு நின்றுவிடுகிறது.

2016இல் இன்னொரு புரதம் தெரியவந்தது. அதன் பெயர் ஹேப்2. ஒன்றாம், இரண்டாம் வகைச் செல்களுக்கு இணைவதற்கு அது கட்டாயம் வேண்டும்; மூன்றாம் வகைக்கு வேண்டியதில்லை. இந்த ஹேப்2 டிக்டிக்கு மட்டும் உரியதன்று. லில்லிப் பூவின் மகரந்தத்தில் இருக்கிறது. பச்சைப் பாசியில் இருக்கிறது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி இனம் பெருக்கும்போதும் இதுதான் வேலை செய்கிறது. 2017இல் அதன் வடிவத்தைப் படம் எடுத்துப் பார்த்தபோது, டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தின் அமைப்போடு ஒத்திருந்தது. இரண்டு சவ்வுகளை ஒட்டவைக்கும் இந்தக் கருவி அவ்வளவு பழையது. மலேரியா, டெங்கு இரண்டும் நம் வீட்டு வாசலில் இருக்கும் நோய்கள். மண்ணில் கிடக்கும் அமீபாவின் திருமணத்தை ஆராய்வது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இணைந்த இரண்டு செல்களும் ஒரே செல்லாகின்றன. இரண்டு உட்கருக்களும் கலந்து ஒன்றாகின்றன. அந்தச் செல் வீங்கிப் பெரிதாகிறது. இதற்கு ராட்சதச் செல் என்று பெயர். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்பதை அடுத்த பகுதியில் காண்போம்.

யாரை உண்பது?

ராட்சதச் செல் முதலில் செய்வது அழைப்பு விடுப்பது. சைக்ளிக் ஏ.எம்.பி.யை வெளியிடுகிறது. ஆம், நான் மேடையில் புகழ்ந்தேனே, "கூடுங்கள்" என்ற அதே மணி. சுற்றிலும் பட்டினி கிடக்கும் மணமாகாத செல்கள் அதை உணர்ந்து வருகின்றன. நூற்றுக்கணக்கில் வந்து ராட்சதச் செல்லைச் சூழ்ந்துகொள்கின்றன. வந்தவை சுற்றிச் சுற்றி ஊர்ந்து, வெளிப்புறத்தில் நார்போன்ற ஓர் உறையை இடுகின்றன. இது முதல் சுவர். இந்தச் சுவரைக் கட்டுகிறவை வந்த செல்கள்தாம். கட்டி முடிந்ததும் அவை அதற்குள்ளேயே அடைபட்டுவிடுகின்றன.

பிறகு நடுவில் இருக்கும் ராட்சதச் செல் அவற்றை ஒன்றொன்றாக விழுங்கத் தொடங்குகிறது. கடைசிச் செல் வரை விழுங்கிவிடுகிறது. அதன் வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கான உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் சற்று முன்பு உயிரோடு ஊர்ந்துவந்த ஒரு டிக்டி. அவற்றைச் செரித்துக் கிடைத்த பொருளால், உட்புறத்தில் செல்லுலோஸ் கலந்த கெட்டியான சுவர்களை எழுப்பிக்கொண்டு ராட்சதச் செல் உறங்கப் போகிறது. வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்துப் பெருங்கூடு பிளக்கும். அதற்கு முன்பாக உட்கரு குன்றல் பகுப்பு அடைந்து, தாய் தந்தை இருவரின் ஜீன்களும் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் கலந்திருக்கும். வெளிவரும் இளம் அமீபாக்கள், விழுங்கப்பட்டவர்களின் உடலில் வளர்ந்தவை.

இதைத்தான் என் தம்பி மகள் மறுபாதி என்றாள்.

விழுங்குதல் எப்படி நடக்கிறது என்பதையும் பார்ப்போம். செல்லின் தோலில் உள்ள ஏற்பிகள் இரையின் தோலைத் தொட்டுப் பிடிக்கின்றன. பிடித்த இடத்தில், உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் விரைந்து கட்டப்பட்டுத் தோலை வெளியே தள்ளுகின்றன. தோல் கிண்ணம்போல் எழும்பி, இரையின் உடலை ஒட்டியவாறே மேலேறி, உச்சியில் இதழ்கள் சேர்ந்து மூடிக்கொள்கிறது. இரை இப்போது ஒரு பைக்குள். அந்தப் பையில் அமிலம் சுரக்கிறது. செரிமான நொதிகள் வந்து சேர்கின்றன. பாக்டீரியாவை விழுங்குவதும் இந்த முறையில்தான். தன் அளவே உள்ள இன்னொரு அமீபாவை விழுங்குவதும் இந்த முறையில்தான்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சாதாரண டிக்டி தன் பக்கத்திலேயே ஊரும் இன்னொரு டிக்டியை விழுங்குவதில்லை. பட்டினியால் சாகும் நிலையிலும் விழுங்குவதில்லை. கூடிப் புழுவாகிறதே தவிர அடித்துத் தின்பதில்லை. மணம் முடித்தவுடன் மட்டும் எப்படித் தின்கிறது? இரையில் மாற்றம் இல்லை. மாறியது உண்பவன். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டான்டன் ஓடேயும் லூயிஸும் 1980களில் இதை ஆராய்ந்தார்கள். ராட்சதச் செல் அகப்பட்டதையெல்லாம் வாரி விழுங்கும் பசிப்பேய் அல்ல. அது தேர்ந்தெடுத்து விழுங்குகிறது. தன் இனத்தாரையே நாடி விழுங்குகிறது. அதாவது "இவன் என் இனம்" என்று அடையாளம் காணும் திறன் போய்விடவில்லை. அடையாளம் கண்ட பிறகு என்ன செய்வது என்ற உத்தரவுதான் மாறிவிட்டது.

உறவினரை விட்டு அடுத்த இனத்தாரை மட்டும் தின்னும் சளிப்பூஞ்சையும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வௌவால்கள் வாழும் ஒரு குகையில் கிடைத்த கேவியேட்டம் என்ற இனத்தைப் பற்றி வாடெல் என்பவர் 1982இல் எழுதினார். அது பிற சளிப்பூஞ்சைகளின் கூட்டத்துக்குள் புகுந்து, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தே தின்று முடித்துவிடும். தன் இனத்தைத் தொடாது. ராட்சதச் செல்லுக்கு நேர் எதிர்.

நமக்குள்ளும் இதே கேள்வி

"விழுங்கும் செல்" என்பது அமீபாவோடு முடிந்துவிடுவதில்லை. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், கண்ணாடிபோல் உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முட்களைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது, நகரும் செல்கள் முட்களைச் சூழ்ந்துகொண்டிருந்தன. உடலைக் காப்பது விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் இரத்தத்தில் உள்ள அத்தகைய செல்கள் கிருமிகளைத் தின்கின்றன. நம் செல்களைத் தின்பதில்லை. ஏன்? நம் சிவப்பணுக்களின் தோலில் சி.டி.47 என்ற புரதம் உண்டு. "என்னைத் தின்னாதே" என்பது அதன் பொருள். எலிகளில் அந்தப் புரதம் இல்லாத சிவப்பணுக்களை மண்ணீரலில் உள்ள விழுங்கும் செல்கள் விரைந்து தின்றுவிடுகின்றன என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். பல புற்றுநோய்ச் செல்கள் இதே புரதத்தை மிகுதியாகக் காட்டித் தப்பித்துக்கொள்கின்றன என்பதும் பின்னர் தெரிந்தது. டிக்டியிலும் இதே புரதம்தான் வேலை செய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்: எதிரே இருப்பவன் யார், அவனை என்ன செய்வது?

வந்தவர்கள் ஏன் வந்தார்கள்?

இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. தண்டாகிச் சாகும் ஐந்தில் ஒரு பங்குக்காவது ஓர் ஆறுதல் உண்டு. உச்சியில் இருக்கும் நான்கு பங்கு, பெரும்பாலும் அவர்களுடைய இரட்டைப் பிறவிகள். அந்தக் கூட்டத்தில் இன்னார்தான் உறவு என்று சோதிக்கும் முறையும் உண்டு. டி.ஜி.ஆர். பி1, சி1 என்ற இரண்டு புரதங்கள் பூட்டும் சாவியும்போல் பொருந்தினால்தான் செல்கள் ஒன்றாக நிற்கும் என்று 2011இல் காட்டினார்கள். அந்தச் சோதனையும் முழுக் காவல் அல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையா குழுவினர், முதுமலைக் காட்டின் மண்ணிலிருந்தும் விலங்குகளின் சாணத்திலிருந்தும் சளிப்பூஞ்சைகளை எடுத்து 2010இல் ஆராய்ந்தபோது, ஒரே கூட்டத்துக்குள் வெவ்வேறு மரபைச் சேர்ந்த செல்கள் கலந்து நிற்பதைக் கண்டார்கள்.

பெருங்கூட்டில் நிலைமை இன்னும் கடுமை. நூற்றுக்கணக்கானவர் அழிய, மிஞ்சுவது ஓர் இணைச்செல். ஏமாந்து வந்தார்களா? தாமும் மணமுடிக்கலாம் என்ற ஆசையில் வந்து மாட்டிக்கொண்டார்களா? தன் இரட்டைப் பிறவி அந்த இணைச்செல்லில் பாதியாக இருப்பதால், அதற்கு உணவாவதும் ஒரு வகையில் தனக்கே லாபமா? மூன்றும் நடக்கக்கூடியவையே. ஒரு வகை மட்டும் நிறையப் பேரைப் பலிகொடுத்து மற்ற வகை சும்மா பலன் அடைகிறதோ என்ற ஐயமும் இருந்தது. தாய் பெரிய முட்டையைத் தருகிறாள், தந்தை சிறு விந்தணுவைத் தருகிறார் என்பதுபோல. 2017இல் அதைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், அப்படி ஏற்றத்தாழ்வு இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். பலி கொடுப்பதில் மூன்று வகையும் சமம்.

இவ்வளவு விலை கொடுத்து நடக்கும் திருமணம் காட்டில் உண்மையிலேயே நடக்கிறதா என்றும் கேட்கலாம். சோதனைச்சாலையில் பெருங்கூட்டைப் பிளந்து குஞ்சு பொரிக்க வைப்பது மிகக் கடினம். அதனாலேயே பல ஆண்டுகள் இந்தப் பாதியை விஞ்ஞானிகளே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் காட்டில் பிடித்த டிக்டிகளின் ஜீன்களை 2010இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை தலைமுறை தலைமுறையாகக் கலந்து வந்ததற்கான தடயங்கள் தெரிந்தன. சீட்டுகள் கலைக்கப்பட்டிருக்கின்றன, யாரோ இருட்டில் ஆடியிருக்கிறார்கள். 2019இல் இன்னொரு வியப்பும் வந்தது. சில வேளைகளில் இரண்டுக்கு மேற்பட்ட செல்கள் இணைந்து, ஒரு பிள்ளைக்கு மூன்று பெற்றோர் அமைவதும் உண்டாம்.

திருத்தம்

ஆக, டிக்டியின் வாழ்க்கையில் அடையாளம் காணும் கேள்வி மூன்று முறை வருகிறது. கூடி நிற்கும்போது "என்னைப் போன்றவனா?" என்று பார்க்கிறது. மணக்கும்போது "என்னைப் போல் அல்லாதவனா?" என்று பார்க்கிறது. மணந்த பின் "என் இனத்தானா?" என்று பார்த்து விழுங்குகிறது. அழைக்கும் மணி மட்டும் எல்லா நேரத்திலும் ஒன்றே. மணி அடிப்பவன் யார், எதற்காக அடிக்கிறான் என்பது ஓடிவருகிறவனுக்குத் தெரிவதில்லை.

சென்ற பொங்கலன்று "டிக்டியைப் போல் ஒன்று கூடுவோம்" என்று முடித்தேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டிக்டி நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. ஒரே சமிக்ஞையால் இரண்டு வேலைகளைச் செய்யும் ஓர் உயிர். அதை நம் ஒழுக்கத்துக்குச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது என் தவறு. நாம் கூடுவதற்கு அமீபாவின் அத்தாட்சி தேவையில்லை. ஊரை விட்டு வந்து இத்தனை ஆண்டுகளாக இந்த மண்டபத்தில் கூடுகிறோம். யார் அழைத்தார்கள், எதற்கு அழைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வருகிறோம். டிக்டிக்கு இல்லாத வசதி அது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் என் தம்பி மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் திருத்தினாள். பிறகு, "இப்போ யாரும் கை தட்ட மாட்டாங்க, பெரியப்பா. பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். பதிவேட்டில் பழுது முழுமையாக ஏறிவிட்டது.